நோட்டர் டேம் 4-1: ஐந்து ஆட்டம் முடிந்தது, இந்த அணியை எந்த அளவுக்கு நம்பலாம்?

கோல்டன்_டோம் | ஞாயிறு, அக்டோபர் 6, 2024

நேற்று நம் நோட்டர் டேமுக்கு (அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணி, இதுவரை நான்கு வெற்றி, ஒரு தோல்வி) ஆட்டம் இல்லாத வாரம். ஆனால் என்ன ஒரு சனிக்கிழமை! முதலிடத்தில் இருந்த அலபாமா வாண்டர்பில்ட்டிடம் 40-35 தோல்வி. டென்னசி அர்கான்சாவிடம் 19-14 தோல்வி. மிச்சிகன் வாஷிங்டனில் போய் 27-17, யுஎஸ்சி மினசோட்டாவில் போய் 24-17 என்று தோற்றன. நாம் சும்மா சோபாவில் உட்கார்ந்தபடியே ஏபி தரவரிசைப் பட்டியலில் 14-ல் இருந்து 11-க்கு வந்துவிட்டோம்.

அதனால் இந்த இழை. எனக்குத் தோன்றுவதை முதலில் கொட்டிவிடுகிறேன், அப்புறம் அடிக்க வேண்டியவர்கள் அடிக்கலாம்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை அவர்கள் ஊரில் 23-13 ஜெயித்தது ஒரு அணி, அடுத்த வாரமே வீட்டில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 தோற்றது வேறு ஒரு அணி, பர்டியூவை 66-7 நசுக்கியது மூன்றாவது அணி என்பது போலத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் ஐந்தையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஐந்திலும் ஒரே அணிதான் தெரிகிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடத் தெரியும், தடுப்பாட்டம் நாட்டிலேயே முதல் வரிசையில் வைக்கலாம், தூக்கி எறிந்து ஜெயிக்க மட்டும் இன்னும் தெரியாது. ஓட்டம் எடுபட்டால் ஏ அண்ட் எம் ஆட்டம், எடுபடாமல் எறிய ஆரம்பித்தால் நார்தர்ன் இல்லினாய் ஆட்டம். நம் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ரைலி லெனர்ட் இதுவரை ஒரு ஆட்டத்தில்கூட 200 யார்டு எறியவில்லை. முதல் மூன்று ஆட்டங்களில் அவர் கையிலிருந்து ஒரு டச் டவுன் பாஸ்கூட (பந்தை எதிரியின் கடைக்கோட்டுக்குள் சேர்க்கும் எறிதல்) வரவில்லை, நாலாவது ஆட்டத்தில் மயாமி ஒஹாயோவுக்கு எதிராக போ காலின்ஸுக்குப் போன 38 யார்டு பாஸ்தான் முதல் முதல்.

இதை வைத்துக்கொண்டு சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் போகலாமா? போகலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மிச்சம் ஏழில் ஒன்றுகூட நழுவக் கூடாது.

பழைய_சீட்டு | ஞாயிறு

ஒரே அணி என்று நீங்கள் சொல்வது எனக்கும் சரி, ஆனால் அது எந்த அணி என்பதில்தான் தகராறு. நான் நம் தலைமைக் கோச் மார்கஸ் ஃப்ரீமன் வந்த நாளில் இருந்து பார்க்கிறேன். 2022-ல் மார்ஷலிடம் வீட்டில் 26-21. அதே வருடம் ஸ்டான்ஃபர்டிடம் வீட்டில் 16-14. 2023-ல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரே ஆட்டம் முடியும் நேரத்துக் கடைசி இரண்டு முயற்சிக்கும் மைதானத்தில் நம் பக்கம் பத்தே பேர், பதினோராவது ஆளைக் காணோம், ஒரு யார்டில் 17-14 போச்சு. இப்போது நார்தர்ன் இல்லினாய், அதுவும் 16-14. ஸ்கோர்கூட மாறவில்லை பாருங்கள்.

பெரிய ஆட்டத்தில் கிளெம்சனை 35-14, யுஎஸ்சியை 48-20 என்று போட்டுத் தள்ளுவார்கள். 28 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் தூங்குவார்கள். இது குவாட்டர்பேக் பிரச்சினை என்றால் ஒவ்வொரு வருடமும் குவாட்டர்பேக் மாறுகிறாரே, அப்போது நோயும் மாற வேண்டாமா? வாரத்தின் நடுவில் அந்தப் பையன்களைத் தயார் செய்வது யார் வேலை?

டிகால்ப்_சித்தப்பு | ஞாயிறு

நான் நார்தர்ன் இல்லினாயில் படித்தவன். இந்த இழையில் எனக்கு மரியாதை வேண்டும், சொல்லிவிட்டேன் 😄

எங்களை நீங்கள் கூப்பிட்டு 1.4 மில்லியன் டாலர் கொடுத்தீர்கள், வந்து அடி வாங்கிக்கொண்டு போ என்று. வந்தோம், ஜெயித்தோம், செக்கையும் வாங்கிக்கொண்டு போனோம். எங்கள் கல்லூரி அணிகளின் குழுவான மிட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் இருந்து ஒரு அணி ஏபி முதல் ஐந்தில் இருக்கும் அணியை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. எங்கள் கோச் தாமஸ் ஹேமக் டிவியில் அழுததைப் பார்த்திருப்பீர்கள். அவரும் எங்கள் காலேஜில் ஆடியவர்தான், அந்த அழுகை நடிப்பு கிடையாது.

எல்லோரும் 'அதிர்ஷ்டம்' என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: நாங்கள் 388 யார்டு, நீங்கள் 286. உங்கள் ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் முயற்சி) இரண்டைத் தடுத்தோம், அதில் ஒன்று ஆட்டத்தின் கடைசி உதை. ஆன்டாரியோ பிரவுன் ஒரு சின்ன பாஸைப் பிடித்து 83 யார்டு ஓடினாரே, அதில் உங்கள் 'நாட்டிலேயே முதல் வரிசை' தடுப்பாட்டம் எங்கே இருந்தது?

ஆன்_ஆர்பர்_மச்சி | ஞாயிறு

பாப்கார்ன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோல்டன்_டோம் | ஞாயிறு

@ஆன்_ஆர்பர்_மச்சி நேற்று சியாட்டிலில் உங்கள் மிச்சிகனுக்கு நடந்ததற்குப் பிறகும் பாப்கார்ன் தொண்டையில் இறங்குகிறதா?

@டிகால்ப்_சித்தப்பு மரியாதை எல்லாம் உண்டு, அந்த நாள் உங்களுடையது. ஆனால் இதையும் சொல்லுங்கள், எங்களை ஜெயித்த பிறகு உங்கள் அணி வீட்டிலேயே பஃபலோவிடம் ஓவர்டைமில் 23-20 தோற்றது, அடுத்து என்சி ஸ்டேட்டிடம் தோற்றது. அதனால்தான் எங்கள் தோல்வி வாரா வாரம் இன்னும் மோசமாகத் தெரிகிறது. நீங்கள் தயவுசெய்து இனி எல்லாவற்றையும் ஜெயியுங்கள், ஒரு மனு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம்_டவுன் | ஞாயிறு இரவு

நான் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நார்தர்ன் இல்லினாய் ஆட்டத்தை 'தூக்கம்' என்று மூடி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கோச்சின் குணம், பையன்களின் மனநிலை எல்லாம் வெளியில் இருந்து நாம் அளக்க முடியாத விஷயம். மைதானத்தில் நடந்ததை அளக்க முடியும். நான்காம் கால்பகுதி, நாம் 14-13 முன்னிலை, ஏறக்குறைய ஆறு நிமிடம் மீதி. நம்மிடம் பந்தோடு ஓடும் ஜெரமையா லவ் இருக்கிறார், அவர் அன்று தொட்டபோதெல்லாம் யார்டு வந்துகொண்டிருந்தது. நாம் என்ன செய்தோம்? லெனர்ட் ஆழமாக எறிந்தார், எதிரி பிடித்துக்கொண்டான், இன்டர்செப்ஷன். அங்கிருந்து நார்தர்ன் இல்லினாய் அவசரமே இல்லாமல் ஓடி ஓடிக் கடிகாரத்தைத் தின்று, 31 விநாடி இருக்கும்போது 35 யார்டு ஃபீல்டு கோல். முடிந்தது.

லவ்வுக்கு அந்த ஆட்டம் முழுவதும் கிடைத்தது 11 ஓட்டம். பதினொன்று! வரிசையில் நிற்கும் ஐந்து பேர் உடம்பால் எதிரியை விடப் பெரியவர்கள், பின்னால் நிற்பவர் லவ், அப்புறம் ஜடேரியன் பிரைஸ், அதை விட்டுவிட்டு ஏன் எறிய வேண்டும்? நம் தாக்குதல் ஆட்டக் கோச் மைக் டென்ப்ராக் போன வருடம் எல்எஸ்யூவில் ஜேடன் டேனியல்ஸை வைத்துக்கொண்டு ஆடியவர், அந்தப் பையன் ஹைஸ்மன் (சிறந்த கல்லூரி வீரர் விருது) வாங்கினார். அந்தப் புத்தகத்தையே லெனர்டிடம் கொடுத்தால் வேலைக்கு ஆகாது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த வாரம் பர்டியூவில் பாருங்கள், பாதி ஆட்டத்துக்குள் 42-0, மொத்தம் 362 யார்டு ஓட்டத்திலேயே, லெனர்டே 100 யார்டு ஓடி மூன்று டச் டவுன். அதற்கு அடுத்த வாரம் மயாமி ஒஹாயோவுக்கு எதிரே அவர் 143 யார்டு ஓடினார். எறியச் சொன்னவரை ஓடச் சொன்னார்கள், அவ்வளவுதான் மாற்றம். இந்த அணியின் சீசன் செப்டம்பர் 7-ல் நார்தர்ன் இல்லினாயிடம் உடையவில்லை, செப்டம்பர் 14-ல் பர்டியூவில் திசை கிடைத்தது என்று நான் சொல்வேன்.

ஆனால் பர்டியூவை 66-7 அடித்ததை யாரும் நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டாம். பர்டியூவின் வரலாற்றிலேயே மோசமான தோல்வி அது, சரி. அதே பர்டியூ நேற்று விஸ்கான்சினிடம் 52-6. அவர்களை யார் வேண்டுமானாலும் அடிக்கிறார்கள்.

புது_ரசிகை | ஞாயிறு இரவு

ஒரு அடிப்படைச் சந்தேகம், சிரிக்காதீர்கள். ஆகஸ்டில்தான் இங்கே மாஸ்டர்ஸ் சேர்ந்தேன், ரூம்மேட் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஐந்தில் நான்கு ஜெயித்திருக்கிறார்கள், அதற்கு ஏன் வீட்டில் இழவு விழுந்த மாதிரி பேசுகிறீர்கள்? 2007 உலகக் கோப்பையில் இந்தியா பங்களாதேஷிடம் தோற்ற மாதிரியா இது?

நாலாம்_டவுன் | ஞாயிறு இரவு

நல்ல கேள்வி, யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே குழுவில் மொத்தமே மூன்று ஆட்டம், ஒன்றில் சறுக்கினால் எழுந்திருக்க இடம் இல்லை. இங்கே பன்னிரண்டு ஆட்டம் இருக்கிறது, அதனால் இடம் உண்டு, ஆனால் ரொம்பக் குறைவு.

இந்த வருடம்தான் பிளேஆஃப் முதல் தடவையாக 12 அணிக்கு விரிகிறது, போன வருடம் வரை நாலே அணி. ஐந்து இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு, மிச்சம் ஏழு இடத்தைத் தேர்வுக் குழு பார்த்துக் கொடுக்கும். நோட்டர் டேம் ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லை. அதனால் சாம்பியன் என்ற வழி நமக்குக் கிடையாது, அந்த ஏழு இடத்துக்குள்தான் நுழைய வேண்டும். இந்த வருட விதிப்படி முதல் நான்கு சீடும் (பிளேஆஃபில் தரவரிசை இடம்), அதோடு வரும் முதல் சுற்று ஓய்வும் சாம்பியன்களுக்கே. நாம் பன்னிரண்டையும் ஜெயித்தால்கூட ஐந்தாவது சீடுக்கு மேல் போக முடியாது. மற்ற அணிகளுக்கு டிசம்பர் முதல் வாரம் கான்ஃபரன்ஸ் இறுதி என்று ஒரு கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. நமக்கு நவம்பர் 30-ல் கடை மூடிவிடும். தேர்வுக் குழு அதற்குப் பிறகு பார்ப்பது ஒரு தாள்தான், அந்தத் தாளில் 'நார்தர்ன் இல்லினாய், வீட்டில், தோல்வி' என்று இருக்கும்.

புது_ரசிகை | ஞாயிறு இரவு

இப்போது புரிகிறது, நன்றி அண்ணா. அப்படியானால் அந்தத் தாளில் நல்ல விஷயம் எது இருக்கும்?

கோல்டன்_டோம் | திங்கள் காலை

அதற்குத்தான் வருகிறேன். ஏ அண்ட் எம்.

அந்த ஜெயிப்பை ஆகஸ்ட் 31 இரவு எல்லோரும் கொண்டாடினோம், ஒரு வாரத்தில் மறந்துவிட்டோம். அது நாளுக்கு நாள் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. நம்மிடம் தோற்ற பிறகு ஏ அண்ட் எம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஃப்ளோரிடாவை 33-20, அர்கான்சாவை 21-17, நேற்று முன்தினம் மிசூரியை 41-10. மிசூரி முதல் பத்தில் இருந்த அணி சார்!

ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்டு மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் கத்துகிறார்கள். நம் முன்வரிசை ஐந்து பேருக்கும் சேர்த்து அதற்கு முன்னால் தொடக்க வரிசையில் இறங்கிய அனுபவம் மொத்தமே ஆறு ஆட்டம். அந்த முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் அந்தனி நாப் அப்போதுதான் காலேஜுக்குள் வந்த பையன், அதுவும் சார்லஸ் ஜகுசா ஆகஸ்டில் மார்புத் தசை கிழிந்து போனதால் கிடைத்த இடம். எதிரே மைக் எல்கோ, டியூக்கில் லெனர்டை வளர்த்த கோச்சே அவர்தான், பையனின் பலவீனம் எல்லாம் அத்துப்படி. இவ்வளவும் இருந்தும் 13-13 என்று நின்ற ஆட்டத்தில், இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது லவ் 21 யார்டு ஓடி முடித்தார். ஏ அண்ட் எம் குவாட்டர்பேக் வீக்மன் அன்று முப்பது எறிந்ததில் பன்னிரண்டுதான் போய்ச் சேர்ந்தது, இரண்டை நாம் பிடித்தோம்.

@பழைய_சீட்டு உங்கள் மார்ஷல், ஸ்டான்ஃபர்ட் கணக்கு எனக்கும் மனப்பாடம். ஆனால் அந்த 2022 அணியால் இப்படி ஒரு ஆட்டத்தை வெளியூரில் ஜெயித்திருக்க முடியாது.

பழைய_சீட்டு | திங்கள்

கிளெம்சனை 35-14 அடித்ததும் 2022-தான் தம்பி. பெரிய ஆட்டம் ஜெயிக்கிறார் என்பதை நான் எப்போது மறுத்தேன்? என் புகாரே அதுதானே, பெரிய ஆட்டம் ஜெயிக்கிறவர் சின்ன ஆட்டத்தில் ஏன் விழுகிறார்.

நாலாம்_டவுன் என்னென்னவோ எழுதியிருக்கிறார், அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஆழமான பாஸைக் கூப்பிட அனுமதித்தது யார்? ஹெட்செட் ஃப்ரீமன் தலையிலும் இருக்கிறது. 'இல்லை, லவ்வுக்குக் கொடு' என்று ஒரு வார்த்தை.

இந்தச் சனிக்கிழமை யார் வருகிறார்கள் தெரியுமா? ஸ்டான்ஃபர்ட். வீட்டில். அக்டோபர் நடுவில். நான் டிவி முன்னால் ரத்த அழுத்த மாத்திரையோடு உட்காருவேன்.

டிகால்ப்_சித்தப்பு | திங்கள்

ஸ்டான்ஃபர்ட் நேற்று முன்தினம் வர்ஜீனியா டெக்கிடம் 31-7 வாங்கியிருக்கிறது. அதற்குமா மாத்திரை? எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள், நல்லது நல்லது.

ஆன்_ஆர்பர்_மச்சி | திங்கள்

கேலி போதும், ஒன்று நேராகவே சொல்கிறேன். எங்களுக்கும் இந்த வருடம் எறியத் தெரியாத குவாட்டர்பேக்தான். யுஎஸ்சியை 27-24 ஜெயித்தோமே, அந்த ஆட்டத்தில் அலெக்ஸ் ஓர்ஜி எறிந்தது மொத்தம் 32 யார்டு. எல்லோரும் 'அடடா, பழைய கால ஃபுட்பால்' என்று புகழ்ந்தார்கள். மினசோட்டாவிடம் தப்பிப் பிழைத்தோம், வாஷிங்டனில் மாட்டினோம். எறிய முடியாத அணி முன்னிலையில் இருக்கும்வரைதான் அழகு. பத்துப் புள்ளி பின்தங்கிவிட்டால் கடிகாரம் எதிரியின் பக்கம் போய்விடும். நீங்கள் ஐந்து ஆட்டத்தில் எங்கேயாவது பெரிதாகப் பின்தங்கி மீண்டு வந்தீர்களா? இல்லை. அது வரும்வரை உங்களை 11-வது இடம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாலாம்_டவுன் | திங்கள் இரவு

மச்சி சொன்னதில் பெரும்பகுதி சரி. லூயிவில் ஆட்டத்தையே எடுங்கள். 31-24 ஜெயித்தோம், போன வருடம் அங்கே 33-20 அடி வாங்கியதற்குக் கணக்குத் தீர்ந்தது என்று எல்லோரும் சந்தோஷம். லூயிவில் அப்போது 15-வது இடத்து அணி, நல்ல ஜெயிப்புதான். ஆனால் அவர்கள் நம்மை விட நூறு யார்டுக்கு மேல் கூடுதலாக எடுத்தார்கள். முதல் முறை பந்து கிடைத்ததுமே டச் டவுனும் அடித்தார்கள். பிறகு நாம் உதைத்த ஒரு கிக்ஆஃபில் பந்தை நழுவவிட்டு நமக்குப் பக்கத்திலேயே கொடுத்தார்கள், அங்கிருந்துதான் 21-7 என்று நாம் மேலே போனோம். நழுவவிடாத அணி வந்தால்?

ஆனால் ஒன்றில் மச்சியோடு ஒத்துப்போக மாட்டேன். ஓர்ஜியும் லெனர்டும் ஒன்று இல்லை. லூயிவில்லுக்கு எதிரே லெனர்ட் 23-ல் 17, இரண்டு டச் டவுன். யார்டு 163-தான், ஆனால் எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டார். இவருக்கு வசந்தகால ஆட்டப் பயிற்சியே சரியாகக் கிடைக்கவில்லை, கணுக்கால் அறுவை சிகிச்சை. அந்தக் கணுக்கால் அடிபட்டதே போன வருடம் டியூக்குக்காக நம்மோடு ஆடி 21-14 தோற்ற ஆட்டத்தின் கடைசியில்தான்! ஆக நாமே உடைத்து, நாமே வாங்கி, நாமே குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிடிப்பவர்களோடு பழக்கம் இப்போதுதான் படிகிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறுகிறார், மிச்சிகனில் அந்த ஏற்றம் எனக்குத் தெரியவில்லை.

என் உண்மையான கவலை வேறு. காயம். பர்டியூவில் ஜோர்டன் பொட்டெல்ஹோவுக்கு முழங்கால், சீசன் முடிந்தது. அதே ஆட்டத்தில் முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் ஆஷ்டன் கிரெய்கும் போனார். பொட்டெல்ஹோ இடத்தில் கலக்கிக்கொண்டிருந்த பூபகர் ட்ராவோரே, பர்டியூவில் இன்டர்செப்ஷனைப் பிடித்து ஓடி டச் டவுன் அடித்த பையன், அவருக்கு லூயிவில் ஆட்டத்தில் முழங்கால். தடுப்பு வரிசையின் ஓரத்தில் (எட்ஜில்) இரண்டு பேர் போயாச்சு. ஹவார்ட் கிராஸும் ரைலி மில்ஸும் நடுவில் நிற்கிறவரை தடுப்பாட்டக் கோச் அல் கோல்டன் ஏதாவது சமாளிப்பார். ஓரத்தில் குவாட்டர்பேக்கைத் துரத்த யார்?

கோல்டன்_டோம் | செவ்வாய்

ஓரத்தில் ஜூனியர் துயிஹலமாகாவுக்கு ஆட நிறைய வாய்ப்பு வரும், அவர் பின்னால் சின்னப் பையன்கள். கோல்டன் பிளிட்ஸ் (குவாட்டர்பேக்கைத் துரத்தக் கூடுதல் ஆளை அனுப்புவது) கூட்டுவார் என்று நினைக்கிறேன், பின்னால் சேவியர் வாட்ஸ் இருக்கும் தைரியத்தில்.

அட்டவணையையும் பார்த்துவிடலாம். ஸ்டான்ஃபர்ட், அப்புறம் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக். நேவி. ஃப்ளோரிடா ஸ்டேட் (1-5, பத்தாவது இடத்தில் சீசனைத் தொடங்கிய அணி, பாவம்). வர்ஜீனியா. ஆர்மி. கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் யுஎஸ்சி. ஆகஸ்டில் இதைப் பார்த்தபோது ஃப்ளோரிடா ஸ்டேட்டும் யுஎஸ்சியும்தான் மலை என்று நினைத்தோம். இப்போது ஃப்ளோரிடா ஸ்டேட்டை ஜெயித்தாலும் தாளில் ஒன்றும் ஏறாது, தோற்றால் இன்னொரு நார்தர்ன் இல்லினாய். ஏழில் ஆறு என்பது போதாது, 11-1-ஆக முடிக்க வேண்டும். என் பந்தயம், முடிப்பார்கள்.

பழைய_சீட்டு | செவ்வாய்

நான் 10-2. ஜார்ஜியா டெக்கின் ஹெய்ன்ஸ் கிங் ஓடுகிற குவாட்டர்பேக், ஓரத்தில் ஆள் இல்லாத நம்மைத் தேடித் தேடி ஓடுவார்.

டிகால்ப்_சித்தப்பு | செவ்வாய்

11-1 ஆகட்டும். அந்த ஒன்று யார் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் டிவியில் எங்கள் பெயரைச் சொல்வார்களே, இலவச விளம்பரம்.

புது_ரசிகை | செவ்வாய்

ஆர்மி, நேவி எல்லாம் ராணுவக் கல்லூரிகள்தானே? அவர்களுக்கு எதிரே பயம் இல்லை என்று ரூம்மேட் சொல்கிறாள்.

நாலாம்_டவுன் | செவ்வாய் இரவு

உங்கள் ரூம்மேட்டை இந்தப் பக்கம் கூட்டி வாருங்கள் 🙂 இரண்டும் இன்று வரை 5-0. நேவி சனிக்கிழமை ஏர் ஃபோர்ஸை 34-7 அடித்தது, ஆர்மி டல்சாவை 49-7. இவர்கள் எறிவதைவிட ஓடுவதுதான் அதிகம், ஆப்ஷன் ஆட்டம். குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பாரா, தானே வைத்துக்கொண்டு ஓடுவாரா என்று கடைசி நொடி வரை தெரியாது. அதைப் படித்து முடிவெடுக்க வேண்டியவன் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட். அதாவது பொட்டெல்ஹோவும் ட்ராவோரேயும் நிற்க வேண்டிய அதே இடம். அக்டோபர் 26 நியூ ஜெர்சியில் நேவி, நவம்பர் 23 யாங்கி ஸ்டேடியத்தில் ஆர்மி. ஸ்டான்ஃபர்ட் ஆட்டத்தில் ஸ்கோரை விட்டுவிட்டு அந்த ஓரத்துப் பையன்களை மட்டும் பாருங்கள், யார் அவசரப்பட்டு உள்ளே பாய்கிறான், யார் நின்று பார்க்கிறான் என்று. சனிக்கிழமை கிழக்கு நேரம் மூன்றரை மணி, என்பிசி.